கடலும் கடப்பாடும்

மன்னார்க் குடாக்கடலின் முத்துப் பார்களுள் பெரிய பார் என்பது ஒன்று. கரையிலிருந்து நெடுந்தொலைவில், கடலடித் தளம் திடீரென ஆழத்திற் சரியும் விளிம்பை ஒட்டி நீண்டு கிடப்பது அது. முத்துக் குளித்தோர் அதனைத் 'தாய்ப் பார்' என அழைத்து வந்தனர். அங்கே இளஞ்சிப்பிகள் கம்பளம் விரித்தாற்போல அடிக்கடி தோன்றும். சில மாதங்களில் அத்தனையும் இல்லாதொழியும். அவை சற்று வளர்ந்ததும் கரையோரத்துப் பார்களுக்குக் குடிபெயர்ந்து விடுகின்றன என்பதும், ஆதலால் ஏனைய பார்களுக்கெல்லாம் இதுவே தாய் என்பதும் அவர்களது நம்பிக்கை.

1902இல் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் இலங்கை அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் இங்கு வந்து இப்பார்களை ஆராய்ந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திற் பெரிய பாரில் அவர் கண்ட இளஞ்சிப்பிகள் ஆண்டு முடியுமுன் மறைந்து போயின. அவை எங்கும் குடிபெயரவில்லை, மாண்டு போயின என்பது அவர் முடிபு. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவற்றை ஆழத்துக்கு வாரிச் சென்றது. அல்லது மணலிற் புதைத்தது. 1880 முதல் அப்பாரிற் குறைந்தது பதினொரு முறை இளஞ்சிப்பிகள் படிந்தன. ஒருமுறையேனும் அங்கு சலாபம் நிகழவில்லை. அவரும் அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹோர்னெலும் கண்டவை 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

எனவே தாயென்று பெயர் பெற்ற பார் உண்மையில் தாயன்று. வேறெங்கோ பிறந்த பிள்ளைகள் வந்து சேரும் இடம் அது. வந்தவற்றை வளர்த்தெடுக்க இயலாத இடமும் அதுவே. அப்படியாயின் பெற்றவர் எங்கே உள்ளனர்? எந்தக் கரையின் செல்வம் எந்தக் கரையில் வந்து விழுகின்றது? ஒரு கரையில் அகப்படுவது அக்கரைக்கே உரியது என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? இவை விலங்கியலார்க்குரிய வினாக்கள் என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. உடைமை, கடப்பாடு, அயலான் என்னும் சொற்களுக்கு நாம் கொள்ளும் பொருளைத் தொடும் வினாக்கள் இவை.

உடைமையாளர் இவ்வினாக்களை எழுப்பியதில்லை. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கம் பெற்ற வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். மூச்சையடக்கி மூழ்கியவனுக்குத் தான் எடுத்ததில் மூன்றிலொரு பங்கு. கரையில் நின்ற முடியரசுக்கு இரண்டு பங்கு. மறு ஆண்டே இப்பார்கள் ஆங்கிலேயக் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைப் பணம் ஆண்டொன்றுக்கு 310,000 ரூபாய். 1907இன் பின்னர் அக்கம்பனிக்குச் சலாபம் வாய்க்கவில்லை. 1912இற் கம்பனியே கலைக்கப்பட்டது. இதற்குக் காரணங்கள் பல கூறப்பட்டதுண்டு. ஆயின் ஒன்று தெளிவு. குத்தகைக்கு விடக்கூடியது கடலடித் தளம் மாத்திரமே. அத்தளத்துக்கு எந்த நீரோட்டம் எவ்விடத்துக் குஞ்சுகளைக் கொணர்ந்து சேர்க்கும் என்பதைக் குத்தகைக்கு விடும் வல்லமை எந்த முடிக்கும் இருந்ததில்லை.

சிப்பி, மட்டி, நண்டு, இறால், கடலட்டை, பவளம் முதலான முள்ளந்தண்டிலிகளின் வாழ்க்கையில் இரு பருவங்கள் உண்டு. முதிர்ந்த பருவத்திற் சிப்பி பட்டிழை போன்ற நூல்களாற் பாறையைப் பற்றிக்கொண்டு ஓரிடத்திற் கிடக்கின்றது. அதன் இளம் பருவமோ முற்றிலும் வேறு. நீரிற் கலந்த முட்டையிலிருந்து தோன்றும் குடம்பி, கண்ணுக்கெட்டாத நுண்மயிர்களை அசைத்து, மிதவை உயிர்களோடு உயிராக, வாரக்கணக்கில் நீரில் அலைகின்றது. முத்துச்சிப்பியின் குடம்பி ஏறத்தாழ மூன்று நான்கு வாரம் இவ்வாறு அலைந்த பின்னரே தளத்திற் படிகின்றது. சிப்பி கடலின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து மழைத்துளியை ஏற்க, அத்துளியே முத்தாகின்றது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். அந்தக் கற்பனையில் முத்தின் பிறப்புப் பற்றிய பகுதி பொய். ஆயின் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் அவ்வுயிர் ஒரு காலத்தில் மேல்நீரில் மிதந்து திரிந்தது என்பது மெய். கொற்கை முத்தைப் பாடிப் பெருமை கொண்ட நாம் அந்த அலைந்த பருவத்தைப் பற்றி ஏதும் அறியாதிருந்தோம்.

நாம் மட்டுமல்லர், ஐரோப்பியரும் நெடுங்காலம் அறியாதிருந்தனர். நண்டின் குடம்பியைத் தனி இனமென்றே பெயரிட்டு வைத்திருந்தனர். கப்பலடியிலும் பாறையிலும் ஓட்டுடன் ஒட்டிக் கிடக்கும் கொட்டலசைச் சிப்பியினமென்று பேரறிஞர் கூவியே வகுத்து வைத்தார். 1820களில் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் இராணுவ வைத்தியராயிருந்த ஜோன் வோன் தொம்சன், மெல்லிய துணிவலையால் நீரை அரித்து, அகப்பட்ட நுண்ணுயிர்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார். நீந்தித் திரிந்த ஒன்று தோலுரித்துக் கொட்டலசாகியது; மற்றொன்று நண்டின் வழிக்கு வந்தது. கொட்டலசு நண்டின் உறவென்பது அன்றே வெளிப்பட்டது. பெரும் பீடங்களிலிருந்தோர் வகுத்ததை, ஒரு துறைமுக வைத்தியரின் கண்ணாடிக் குவளை மாற்றியது. உயிரொன்றை அதன் ஒரு நிலையை மாத்திரம் பார்த்து வகைப்படுத்துவோர் இன்றும் உளர். அவர்கள் விலங்கியலார் அல்லர் என்பதே வேறுபாடு.

இக்குடம்பிகளின் தொகை மலைக்கத்தக்கது. ஒரு தாய்ச் சிப்பி இலட்சக்கணக்கில் முட்டைகளைச் சொரிகின்றது. அவற்றுள் முதிர்ந்து வாழ்வன விரல்விட்டு எண்ணத்தக்கவை. 'தகுதியுள்ளது வாழும்' என்னும் வாசகத்தை ஆலைமுதலாளி முதல் பரீட்சை நடத்துவோர் வரை எத்தனையோ பேர் வாய்ப்பாடாக ஒப்புவிக்கின்றனர். அவர்கள் குடம்பிகளின் வரலாற்றைக் கட்டாயம் கற்க வேண்டும். ஒரு கிளைநீரோட்டம் அரை நாள் முந்தினால் ஒரு தலைமுறை முழுவதும் பாறையில் வந்து சேர்கின்றது. அரை நாள் பிந்தினால் ஆழ்கடலிற் போய் அழிகின்றது. அழிந்தவற்றுக்கு எந்தத் தகுதி குறைந்தது? 1994இல் டெனிஸ் ஹெட்ஜ்கொக் என்னும் ஆய்வாளர் இதனைக் குலுக்குச் சீட்டுக்கு ஒப்பிட்டார். கோடிக்கணக்கான பெற்றோருள் வெகுசிலரின் பிள்ளைகளே ஓராண்டின் வெற்றியை முழுவதும் அள்ளிக்கொள்வது உண்டு என்பது அவர் கருத்து. தெரிவு இயற்கையில் இல்லையென்று நாம் சொல்லவில்லை. தெரிவென்று சொல்லப்படுவதிற் பெரும்பங்கு இடமும் காலமும் செய்யும் வேலை என்பதையே சொல்கின்றோம்.

இனி, இவை செல்லும் வழியை அறிவது எங்ஙனம்? பறவையின் காலில் வளையமிடலாம். மீனின் செதிலிற் குறியிடலாம். மணலினும் சிறிய குடம்பிக்கு எதனைக் கட்டுவது? முற்காலத்தில் அடைத்த போத்தல்களை நீரில் மிதக்கவிட்டு அவை ஒதுங்கிய கரையைக் குறித்துக் கொண்டனர். ஆயின் குடம்பி போத்தலன்று. அது மேலெழும், கீழிறங்கும். மேல்நீர் ஒரு திசையிலும் கீழ்நீர் வேறு திசையிலும் ஓடுமாயின், ஏறியிறங்குவதொன்றாலேயே தன் வழியை மாற்றிக்கொள்ளும். கழிமுக நண்டுகள் சிலவற்றின் குடம்பிகள் வற்றும் நீரோடு கடலுக்குச் சென்று, வளர்ந்தபின் பெருகும் நீரோடு மீளுகின்றன. கொட்டலசின் குடம்பி தன்னினத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் பாறையைத் தேடிப் படிகின்றது என்பதை 1953இல் நைட்-ஜோன்ஸ் காட்டினார். அலையுண்டு திரியும் அற்ப உயிரெனினும் அது முற்றாகக் கையறு நிலையில் இல்லை.

பிற்காலத்தில் ஓர் அரிய வழி கண்டனர். மட்டியின் குடம்பி தன் முதல் ஓட்டைப் பிறந்த இடத்து நீரிலிருந்தே கட்டுகின்றது. அந்நீரிற் கரைந்திருக்கும் உலோகங்கள் மிகச் சிறிய அளவில் ஓட்டிலும் படிகின்றன. நீருக்கு நீர் அவ்வளவுகள் வேறுபடுகின்றன. தளத்திற் படிந்த இளமட்டியின் ஓட்டில் அந்த முதற் பகுதி அழியாமல் எஞ்சியிருக்கும். ஆகவே அதனை நுண்கருவிகொண்டு ஆராய்ந்தால் அவ்வுயிர் பிறந்த விரிகுடாவை ஊகித்துவிடலாம். பிறந்த ஊரின் பெயரை உடலில் எழுதிக்கொண்டு திரிவதைப் போன்றது இது. கலிபோர்னியாவின் தென்கரையில் இரு மட்டி இனங்களை இவ்வாறு ஆராய்ந்து, 2007இல் பெக்கர், லெவின் முதலியோர் முடிபுகளை வெளியிட்டனர். வாரக்கணக்கில் நீரில் வாழும் குடம்பிகள் நெடுந்தொலைவு பரந்து செல்லும் என்பதே அதுவரை பலரும் கொண்டிருந்த எண்ணம். அவர்கள் கண்டதோ, பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து 20, 30 கிலோமீற்றருக்குள்ளேயே தங்கிவிட்டன என்பது. அதுமட்டுமன்று, நெருங்கிய உறவினவான அவ்விரு இனங்களும் ஒரே கடலில் ஒரே முறையிற் பரவவில்லை. அவற்றுக்கிடையே போக்குவரத்து முறை வேறுபட்டது.

இந்த முடிபை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. முற்போக்கெண்ணம் கொண்டோரிடையே ஒரு சொகுசான வாதம் வழங்குகின்றது. 'பாருங்கள், நண்டுக் குஞ்சுக்குக் கடவுச்சீட்டு இல்லை. நீரோட்டத்துக்கு எல்லைக் கோடு தெரியாது. எனவே மனிதரும் எல்லைகளைக் கடந்து ஒன்றாக வாழ வேண்டும்' என்பர். கேட்க இனிமையானதுதான். ஆயின் இது கண்ணாடி போன்ற வாதம். பிடித்தவன் முகத்தையே காட்டும். குடம்பிகள் தொலைவு செல்கின்றன என்று அறிந்த நாளில் இயற்கை சர்வதேசியம் போதிக்கின்றது என்று முழங்குவோமாயின், அவை பிறந்த விரிகுடாவிலேயே தங்குகின்றன என்று அறிந்த நாளில், இயற்கை 'அவரவர் மண் அவரவர்க்கே' என்று போதிக்கின்றது என மறுதரப்பார் முழங்குவர். இருவரும் ஒரே பிழையையே செய்கின்றனர். கடல் எதனையும் போதிக்கவில்லை.

அப்படியாயின் இந்த ஆராய்ச்சியால் ஒழுக்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லையா? ஆவது உண்டு. வன்னிக் குளத்து நீர்ப்பாய்ச்சலை எண்ணிப் பார்ப்போம். மேல்மடைக்காரன் வாய்க்காலை மறித்தால் கீழ்மடைக்காரன் பயிர் கருகும். இதனை இருவரும் கண்ணாற் காண்கின்றனர். ஆதலால் முறை வைத்து நீர் பாய்ச்சும் ஏற்பாடு தோன்றியது. 'எனக்குத் தெரியாது' என்று மேல்மடைக்காரன் சொன்னால் ஊர் சிரிக்கும். கடலில் நீர் ஓடும் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது. எனவே அங்கு மேல்மடைக்காரர் எல்லோரும் நூற்றாண்டுகளாக 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி வந்தனர், அது பொய்யுமன்று. குடம்பியின் வழியைத் தேடும் விஞ்ஞானம் அந்த வாய்க்காலைக் காட்டுகின்றது. கீழ்மடைக்காரனின் உரிமையை அது படைக்கவில்லை. நமது செயல் அவனிடம் போய்ச் சேரும் பாதையையே துலக்குகின்றது. உரிமை அதற்கு முன்னரே இருந்தது. அயலானுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது அவனும் நாமும் ஒரே நீரோட்டத்தில் இருப்பதனாலன்று. அவனும் உழைத்து உண்ணும் மனிதன், அவன் பிழைப்பை அழிக்க நமக்கு உரிமையில்லை என்பதே காரணம். ஆயின் எச்செயல் அவன் பிழைப்பை அழிக்கும் என்பதை அறியாமற் கடமையைச் செய்வது எங்ஙனம்? அறிவு இங்கே சாட்டுகளைப் பறிக்கின்றது.

நமது வட கடலுக்கு வருவோம். 1974இலும் 1976இலும் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் பாக்கு நீரிணையிலும் மன்னார்க் குடாவிலும் எல்லையை வரைந்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தென்மேற்குப் பருவத்தில் நீர் குடாவிலிருந்து நீரிணைப் பக்கம் செல்கின்றது. வடகீழ்ப் பருவத்தில் மறுதலையாக வருகின்றது. விநாடிக்கு 10 சென்ரிமீற்றர் வேகமுள்ள ஓட்டம் ஒரு நாளில் 8 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகவும், இரு வாரத்தில் 120 கிலோமீற்றர் அளவும் செல்லும். இது வெறுங் கணக்கு. கலிபோர்னியா மட்டிகள் இத்தகைய கணக்கை நம்பவேண்டாமென்று எச்சரிக்கின்றன. எனினும் 30 கிலோமீற்றர் என்பது அந்த மட்டிகளின் குறுகிய பயணத்துக்கே எட்டிய தூரம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இக்கடலில் வாழும் வெள்ளை அட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் குடம்பி இரு வாரமளவில் நீரில் அலைந்து, பின் கடற்புல்லின் இலைகளிற் படிகின்றது. இந்திய அரசு 2001இல் எல்லாக் கடலட்டை இனங்களையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலிற் சேர்த்துப் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. இலங்கையிலோ அனுமதிப்பத்திரம் பெற்றுப் பிடிக்கலாம். ஆழங்குறைந்த கடலை வேலியிட்டு வளர்க்கவும் செய்கின்றனர். ஒரு கரையிற் குற்றமாயிருப்பது மறு கரையில் ஏற்றுமதி வருமானம். அட்டையை நாம் உண்பதில்லை. அது கிழக்காசியச் செல்வர் விருந்துக்குப் போகின்றது. இராமேசுவரத்துக் குளியாளி சிறை செல்கின்றான். யாழ்ப்பாணத்துச் சிறு தொழிலாளி தான் தலைமுறையாக வலை வீசிய கடலில் வேலி எழுவதைப் பார்த்து நிற்கின்றான். தடையும் அனுமதியும் எதிரெதிரானவை. இருபுறத்தும் சுமையைத் தாங்குவோர் ஒரே வர்க்கத்தினர்.

இங்கேதான் குடம்பியை ஆராய்வோர் தரும் படங்கள் பற்றி ஒரு கேள்வி எழுகின்றது. எந்தக் கரை ஏனைய கரைகளுக்குக் குஞ்சு வழங்கும் ஊற்று, எந்தக் கரை வந்தவற்றை விழுங்கும் பெரிய பார் என்று அவர்கள் பிரித்துக் காட்டுகின்றனர். ஊற்றாகிய கரையைக் காக்க வேண்டும் என்பது அடுத்த முடிபு. விஞ்ஞானத்தில் இது சரியே. நீதியில்? ஊற்றுக் கரையிற் பிறந்தவன் தொழிலை விட வேண்டும். பயனோ நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவனுக்கு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆயின் அத்தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த கரையோரப் பெண்கள் அன்று முதல் தம் பழைய தொழிலிடத்தில் அத்துமீறுவோராயினர். அவர்கள் காத்துக் கொடுக்கும் கடலின் பலனை அனுபவிப்போர் அவர்களுக்கு என்ன கொடுத்தனர்? மேல்மடைக்காரனை நீரை மறிக்காதே என்று சொல்லும் ஊர், அவன் பயிரும் விளைய வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்கின்றது. கடலில் அந்த இரண்டாம் பாதி மாத்திரம் எப்பொழுதும் மறக்கப்படுகின்றது.

இழுவைமடியைப் பற்றி நாம் தயங்காமற் கூறவேண்டும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து வட இலங்கை மீனவரின் வலைகளை அறுப்பதும் மீனை வாருவதும் எல்லோரும் அறிந்தவை. அதனினும் பெரிய கேடொன்று உண்டு. இழுவைமடி கடலடியை உழுது செல்கின்றது. புல்லையும் ஓட்டையும் பெயர்க்கின்றது. எக்கரையிலிருந்து வந்த குடம்பியாயினும் அதற்குப் படிய ஓரிடம் வேண்டும். படியுமிடம் அழிந்தபின் பிறப்பு எத்துணைப் பெருகினும் பயனில்லை. கடல் முழுவதும் பெரிய பாராகிவிடும். இலங்கை 2017இல் இத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அக்கரை மேடைகளில் ஈழத்தவரைத் 'தொப்புள்கொடி உறவு' என்று அழைப்போர் பலர். அந்த உறவு பற்றி உருகிப் பேசுவோர் அப்படகுகளின் உரிமையாளரிடம் ஒரு சொல் சொன்னால் நெடுந்தீவிலும் பேசாலையிலும் அதனை மிகவும் மதிப்பர். படகில் வருபவன் உரிமையாளனல்லன் என்பதையும் நாம் அறிவோம். சிறைப்படுபவனும் சில வேளை உயிர் விடுபவனும் கூலிக்கு ஏறியவனே. அவனை இனப் பகைவனாகக் காட்டுவோரோடும் நமக்கு உடன்பாடில்லை.

தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் ஏப்ரில் 15 முதல் யூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் பெருகட்டும் என்பதற்காக அங்குள்ள அரசு விதித்த தடை அது. அதனை விதித்தோர் இக்கரையை எண்ணி விதித்தனர் என்று கொள்ள இடமில்லை. எனினும் அந்த 61 நாட்களில் வடபகுதி மீனவர் இரவில் வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரையில் அச்சமின்றி உறங்குகின்றனர். யூன் 15 விடிய மீண்டும் இயந்திர ஒலி கேட்கின்றது. அடுத்த தடைக்கால நாட்களைக் குறிக்கும்பொழுது, இரு கரையின் வலைத் தொழிலாளரும் பாசி எடுக்கும் பெண்களும் குளியாளிகளும், குடம்பிகளின் வழியறிந்தோர் வரைந்த படமொன்றை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு ஒரே பாயில் அமர்ந்து பேசுவதற்குத் தடையாயிருப்பது கடலன்று.